ஏறி இறங்கும் நாலு சுரம்

"ரி எங்கவேய் போச்சு?"

கீழே வத்தல் கடையிலிருந்து திரவியத்தின் குரல் மரப்படி வழியாக மேலே வந்தது. மாடியில் மாண்டலினை மடியில் வைத்துக்கொண்டிருந்த கோமதிநாயகம் பிள்ளை கையை எடுத்துவிட்டார்.

"ரி மட்டுமா? ம எங்க? த, நி எங்க? ச-க-ப-ச, ச-ப-க-ச. கடையைத் திறந்து விளக்கு ஏத்துற நேரத்துல இதையேதான் அரை மணிக்கூறா அடிக்கேரு. ஏழுல நாலை முழுங்கிட்டேரு. எனக்கு விருதுநகர்லருந்து வரவேண்டிய வத்தல்ல நாலு மூட்டை வந்து சேரல்ல. நான் என்னன்னு நினைக்கட்டும்?"

"இது இங்கிலீஷ் சாதகம் அண்ணாச்சி. அதுல இப்படித்தான்."

"இங்கிலீஷ்காரன் முழுங்குவான். அவனுக்குச் சீரணிக்கும். நீரு என் வீட்டு மாடியில இருந்து முழுங்காதேயும்."

ஆரியசாலையில் மொத்தக் கடைக்கு மேலே வாடகைக்கு இடம் கிடைப்பதே பெரிய காரியம். வீட்டுக்காரரும் அவர்தான், கடைக்காரரும் அவர்தான். கோமதிநாயகம் மாண்டலினை உறையில் போட்டுக் கட்டினார்.

அவருக்கு வயது நாற்பத்தொன்று. வெள்ளைக்காரத் தேயிலைக் கம்பெனி ஒன்றின் திருவனந்தபுரம் ஆபீஸில் குமாஸ்தா. இந்த வயதில் ஒரு மனிதர் மாண்டலினும் கையுமாக அலைந்தால் ஊர் வேறு மாதிரிப் பேசும். அவருக்கு அப்படி ஆசை ஒன்றும் இல்லை. பயம்தான் இருந்தது.

இந்த ஆபீஸுக்கு வருவதற்கு முன்னால் நாலு வருஷம் அவர் பொன்முடியில் கம்பெனித் தோட்டத்து எழுத்தராக இருந்தார். அங்கே மழை பெய்ய ஆரம்பித்தால் எப்போது நிற்கும் என்று கேட்கக்கூடாது. அட்டை, காய்ச்சல், மறுபடி அட்டை. மூன்றாம் வருஷத்து ஆடியில் ஏழு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் கீழே நெடுமங்காட்டில் இருந்தார். ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. மண்ணை அள்ளி ரோட்டைத் திறந்தபோது டாக்டருக்கு அங்கே வேலை இல்லை. தேயிலைச் செடிகளின் ஓரத்தில் குழந்தையை அடக்கம் செய்து, அடையாளத்துக்கு ஒரு செங்கல்லை நட்டுவிட்டு வந்தார்கள். ஆபீஸில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் பேசுவதில்லை.

மலையிலிருந்து இறங்கிய பிறகு அவர் மனைவி பகவதி ஒரு வருஷம் வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஆரம்பித்த அன்று சொன்னது இதுதான்: "இனி அந்த மலை ஏறமாட்டேன். ஏற வச்சீங்கன்னா என்னைத் திரும்ப இறக்க முடியாது."

இப்போது தோட்டத்து எழுத்தர் காய்ச்சல் தாங்காமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆடி பிறப்பதற்குள் நகர ஆபீஸிலிருந்து ஒருவர் மேலே போகவேண்டும். ஏற்கெனவே மலையில் இருந்து பழகியவர் கோமதிநாயகம் ஒருவர்தான். ஹெட்கிளார்க் நாகேஸ்வரன் அவர் மேஜையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு தரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையில் கோமதிநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் புதிய மேனேஜர் துரை ஒரு சீட்டு அனுப்பினார்: ஆபீஸில் மாண்டலின் வாசிக்கத் தெரிந்தவர்கள் பெயர் கொடுக்கவும். துரைசாணிக்குப் பியானோ என்றால் உயிர். கூட வாசிக்க ஆள் வேண்டுமாம். அந்த வருஷம் ஊரில் மாண்டலின் பைத்தியம் பிடித்திருந்தது. கிளப்பிலும் கல்யாண வீட்டிலும் அதுதான். சேஷன், வேதமாணிக்கம், சுப்பு என்று ஆபீஸில் மூன்று பேர் உடனே பெயர் கொடுத்தார்கள்.

கோமதிநாயகம் இரண்டு நாள் யோசித்தார். துரைசாணியின் ஹாலில் உட்கார்ந்து வாசிக்கிற குமாஸ்தாவை எந்தத் துரையாவது மலைக்கு அனுப்புவாரா? அனுப்பமாட்டார். பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். பிழைக்க வழி இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆபீஸ் முழுக்கப் போட்டிக்கு வந்துவிடும் என்று பயந்தார். ஊமையாக இருந்தே காரியத்தைச் சாதிக்கிறேன் பேர்வழி என்று ஒரு ரகம் உண்டு; அவர் அந்த ரகம்.

மாண்டலின் வேண்டுமே. ஒரு வாரம் கழித்து, சேஷனிடம் நைசாகப் போய், "மச்சினன் பையன் கேட்கான், பழசு ஏதும் கிடைக்குமா?" என்று ஆரம்பித்தார்.

சேஷன் கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பிள்ளை. ராமநவமி பஜனையில் அவன் வாசித்தால் தெருவே நிற்கும். அவன் ஒரு பேச்சுப் பேசாமல் மறுநாளே தன் மாண்டலினைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான்.

"எடுத்துண்டு போங்கோ சார். திருப்பித் தரவேண்டாம்."

"உமக்கு வேண்டாமா? துரை கிட்டே பேர் கொடுத்திருக்கீரே."

"கொடுத்தாச்சு, அதுக்கு என்ன பண்றது. அன்னிக்கு யாருடையதையாவது வாங்கிண்டு வாசிச்சுக்கறேன்."

பையனுக்குப் பொறுப்பு போதாது என்று கோமதிநாயகம் நினைத்துக்கொண்டார்.

அடுத்தது வாத்தியார். பாளையத்தில் இங்கிலீஷ்காரர் கோயிலில் ஆர்கன் வாசிக்கிற ரோஸ் என்கிற பெண்ணிடம் போனார். இருபத்துநாலு வயசு, கறார்ப் பேர்வழி. நாகர்கோவில்காரி. அவர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தாள்.

"பேனா பிடிச்ச கை. எத்தனை நாள் இருக்கு சார்?"

"துரை முன்னாலே வாசிக்க ஒரு மாசம்."

"அப்போ பாட்டெல்லாம் கனவுலகூட நினைக்காதீங்க. துரைசாணியம்மா கோயிலுக்கு வந்தப்ப என்கிட்ட சொன்னாங்க. அவங்க பியானோவுல பாட்டை வாசிப்பாங்க. கூட ஓடுறதுக்கு ஆர்பெஜியோ வாசிக்கிற ஆள் போதும்."

"அது என்னது?"

"மூணு நாலு சுரத்தைச் சேர்த்து ஒண்ணா அடிக்காம, ஒண்ணொண்ணா உதிர்க்கணும். நடுவுல இருக்கிறதைத் தொடவே கூடாது. ச-க-ப-ச. படியைத் தாண்டித் தாண்டி ஏறணும். அப்படியே இறங்கணும். ஏறிட்டு அங்கேயே நின்னுறக் கூடாது சார், இறங்கி வந்தாத்தான் கணக்குத் தீரும்."

கோமதிநாயகம் ஏற ஆரம்பித்தார். எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக நாலு ஜோடி. ஒரு ஜோடியை அழுத்தினால் பக்கத்து ஜோடி கிர்ரென்றது. மூன்று நாளில் இடது கை விரல் நுனியெல்லாம் கன்றிப்போயின. சோறு பிசையாத கையாக இருந்ததால் பிழைத்தார்.

விரல் வலி பெரிதில்லை. முதல் நாள் சாயங்காலம் வீட்டில் வாசித்தபோது பகவதி அடுக்களையிலிருந்து வந்து வாசல்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதை நிறுத்துங்க."

"ஏன், நல்லா இல்லையா?"

"மலைத் தோட்டத்துல அந்த லயத்து வீட்டுல ஓட்டுக்கூரை ஒழுகும்லா. நாலு இடத்துல நாலு சட்டி வச்சிருப்பேன். ஒவ்வொரு சட்டியிலயும் ஒவ்வொரு சத்தமா விழும். பிள்ளை அதைக் கேட்டுக்கிட்டேதான் கிடந்தா."

அதற்குப் பிறகு அவள் வீட்டில் இருக்கும்போது அவர் மாண்டலினைத் தொடவில்லை. விடிந்ததும் அவள் கோயிலுக்குப் போவாள். அந்த அரை மணிதான் மிச்சம். அந்த அரை மணியில்தான் திரவியம் கடை திறந்து விளக்கு ஏற்றுவார், ரி எங்கே என்று கேட்பார். நாலு மூட்டை வத்தல் விவகாரம் இப்படித்தான் வந்தது.

வீட்டுக்காரரைப் பகைத்துக்கொள்ள முடியாது. ஆகவே மறுநாள் காலை கோமதிநாயகம் விட்டுப்போன நாலு சுரத்தையும் உள்ளே சேர்த்து, ஏழும் நிறைய வாசித்தார். கீழே திரவியத்துக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் தாளம் போட்டார். மூன்றாம் நாள் மேலேயே ஏறி வந்து பாயில் உட்கார்ந்துகொண்டார்.

"ரியைக் கொஞ்சம் அசைக்கணும் கேட்டேரா. சும்மா மொட்டையா நிக்கப்பிடாது. எங்க, இன்னொருக்கா வரட்டும்."

ஒரு வாரம் ரி அசைந்தது. காணாமல் போன மூட்டைகளும் வந்து சேர்ந்துவிட்டன. ரயிலில் மாறி ஏற்றியிருந்தார்களாம். திரவியம் அந்தப் புகழைத் தன் சங்கீத ஞானத்துக்கு எழுதிக்கொண்டார்.

அந்த வார இறுதியில் பாளையத்துக்குப் போய் வாசித்துக் காட்டியபோது ரோஸ் கையைத் தட்டி நிறுத்தினாள்.

"இது யாரு?"

"எது?"

"நடுவுல ஒருத்தர் நெளியிறாரே, அவரு."

"ரி."

"தாண்டிக் குதிக்கச் சொன்னா நீங்க தவழ்ந்து வாரீங்க சார். விரல் பழகிப்போச்சு. இப்போ இதை மறக்கடிக்கவே பத்து நாள் வேணும். உங்களுக்கு இருக்கிறதே பன்னிரண்டு நாள்."

வீட்டில் வாசித்தால் மழை ஒழுகுகிறது. காலையில் வாசித்தால் ரி நெளிகிறது. மிச்சம் இருப்பது ஆபீஸ். கோமதிநாயகம் ரூல்தடியில் பென்சிலால் கட்டம் போட்டு, மேஜைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் விரலால் ஏறி இறங்க ஆரம்பித்தார். வலது கை காகிதத்தில் எழுதும். இடது கை கீழே ச-க-ப-ச என்று துள்ளும். காரியம் நன்றாகத்தான் நடந்தது. இரண்டே நாளில் ரி ஒழிந்தது.

மூன்றாம் நாள் ஹெட்கிளார்க் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். நாகேஸ்வரன் நல்ல மனிதர். அதுதான் தொந்தரவு. அறையில் கம்பெனி டாக்டரும் இருந்தார்.

"பிள்ளைவாள், ரெண்டு நாளா பார்த்துண்டிருக்கேன். உம்ம இடது கை தானா ஆடறது. மறைக்காதேயும். எங்க அத்திம்பேருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது. அப்புறம் ஒரு பக்கமே விழுந்துடுத்து."

டாக்டர் முழங்கையில் தட்டினார், முழங்காலில் தட்டினார், நாக்கை நீட்டச் சொன்னார். பயத்தில் கோமதிநாயகத்துக்கு நிஜமாகவே கை ஆடியது. டாக்டர் தலையை அசைத்துக்கொண்டே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நரம்புத் தளர்ச்சி, குளிர்ந்த இடத்தில் ஆறு மாதம் இருந்தால் உத்தமம்.

நாகேஸ்வரன் அதை இரண்டு தரம் படித்தார். "குளிர்ந்த இடம். நமக்குன்னா மலையே இருக்கே. எப்படிச் சொல்றதுன்னு நானும் தவிச்சுண்டிருந்தேன்."

கோமதிநாயகம் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். "வியாதியெல்லாம் இல்ல சார். மாண்டலின்."

"என்னது?"

"மாண்டலின் படிக்கேன். ரூல்தடியிலே சாதகம். துரைக்கு முன்னாலே வாசிக்கணும். என் பேரையும் சேர்த்துருங்க சார்."

நாகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஓய், தெரிஞ்சுதான் சொல்றீரா?"

"தெரிஞ்சுதான் சார்."

"உம்மை யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"இல்ல. நானே ஆசைப்பட்டுத்தான்."

"ஆத்துல சம்மதமா?"

"அவளுக்காகத்தான் சார் இவ்வளவும்."

நாகேஸ்வரன் மேல்துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "பெத்த மனசு அப்படித்தான் இருக்கும். எனக்குத் தோணவே இல்லை பாரும்" என்றார். பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்ததை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "அப்போ இது எதுக்கு? உம்ம பேரை எழுதிக்கறேன். நன்னா வாசியும்."

மலை கூடைக்குள் கிழிந்து கிடப்பதைக் கோமதிநாயகம் தன் கண்ணால் பார்த்தார். கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்தார். ஹெட்கிளார்க் என்றால் இவரல்லவா ஹெட்கிளார்க் என்று வழியெல்லாம் வாழ்த்தினார்.

சந்தோஷத்தில் அன்று பகவதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"இதை வாசிச்சா நம்மளை அனுப்ப மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"நிச்சயமா?"

"ஹெட்கிளார்க்கே காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டாரு."

அவள் எழுந்து போய், இத்தனை நாளும் அவர் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மாண்டலினை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள்.

"வாசியுங்க. நான் இங்கேயே இருக்கேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கீழே கடை இல்லை. காலையிலிருந்து வாசித்தார். பகவதி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முதலில் சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தாள். மதியத்துக்கு மேல் முறுக்குவதை விட்டாள். ஏறும்போது அவள் விரல் ஏறியது, இறங்கும்போது இறங்கியது. ஒரு இடத்தில் அவர் தடுக்கியபோது, "அது விடுபட்டுப் போச்சே" என்றாள்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் சொன்னாள்: "இப்போ மழை மாதிரி இல்ல."

கோமதிநாயகத்துக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு இன்னும் இரண்டு தரம் ஏறி இறங்கினார். அவர் ஆயுளில் ஒருவருக்காக ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தது அந்த ஒரு வாரம்தான். அதன் பிறகு தினமும் அவளே மாண்டலினை எடுத்துக் கொடுத்தாள்.

பரீட்சை அன்று நெற்றியில் திருநீறு பூசி அனுப்பி வைத்தாள். துரையின் அறை வாசலில் பெஞ்சில் அவரோடு சேர்த்து நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பியூன் தாணுலிங்கம் ஒவ்வொருவராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். கதவு பாதி திறந்தே கிடந்தது.

முதலில் சேஷன். இடது கையில் மூன்று விரலைச் சேர்த்துத் துணி சுற்றியிருந்தான். கதவிடுக்கில் நசுங்கிவிட்டதாம். கடன் வாங்கி வந்த மாண்டலினில் அவன் எழுப்பிய சத்தத்தைக் கேட்டு, ராமநவமி பஜனையில் வாசித்தவன் இவன்தானா என்று கோமதிநாயகம் திகைத்தார்.

அடுத்தது வேதமாணிக்கம். கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு கீர்த்தனை வாசிப்பவர். இன்று சுருதி சேர்க்கிறேன் என்று முறுக்கி, முறுக்கி, ஒரு கம்பியை அறுத்தார். மன்னிக்க வேண்டும் என்று சொல்லி இன்னொன்றையும் அறுத்தார். அவர் விரலிலும் ஒரு துணி.

சுப்பு மூன்றாவது. கல்யாண வீடுகளில் கைதட்டல் வாங்கியவன். கையைச் சுற்றிக்கொண்டு போய், ஐந்து நிமிஷம் எதையோ சொறிந்துவிட்டு வெளியே வந்தான்.

எல்லோருக்கும் ஒரே வாரத்தில் விரல் போனதைப் பார்த்துக் கோமதிநாயகத்துக்குப் பரிதாபமாக இருந்தது. துரை முன்னால் போகிறோம் என்றதும் கை உதறிவிட்டது, வெளியில் சொல்ல வெட்கப்பட்டுத் துணி சுற்றியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தார். உத்தியோகத்தில் இவர்களுக்கெல்லாம் என்ன பயம் இருக்கமுடியும்? பயம் என்றால் என்னவென்று தன்னைக் கேட்கட்டும்.

உள்ளே போனார். துரை களைத்துப்போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அரிசிப் பானை, முறம், சுவரில் சாய்ந்த பகவதி எல்லாவற்றையும் ஒரு தரம் நினைத்துக்கொண்டார். பிறகு ஏறினார். ச-க-ப-ச. நடுவில் யாரும் நெளியவில்லை. இறங்கினார். இன்னொரு கட்டையில் ஏறினார், இறங்கினார். துரையின் கை நெற்றியை விட்டு இறங்கி மேஜைமேல் தாளம் போட்டது.

துரை எழுந்து வந்து கைகுலுக்கினார். பிரமாதம், என் மனைவி மிகவும் சந்தோஷப்படுவாள் என்றார். சனிக்கிழமையே ஆரம்பித்துவிடலாம் என்றார். கோமதிநாயகம் மூன்று தரம் நன்றி சொன்னார்.

வெளியே வந்ததும் ஆபீஸே அவரைச் சூழ்ந்துகொண்டது. போட்டியில் தோற்றவர்கள் இப்படிச் சந்தோஷப்பட்டு அவர் பார்த்ததில்லை. வேதமாணிக்கம் தோளைத் தழுவிக்கொண்டார். சுப்பு காலைத் தொட்டுக் கும்பிட்டான். சேஷன் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, ஒரு கீறலும் இல்லாத அந்த விரல்களாலேயே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். நாகேஸ்வரன் மட்டும் தள்ளி நின்று, கண் கலங்கி, கையெடுத்துக் கும்பிட்டார்.

இவ்வளவு நல்லவர்களோடு வேலை பார்த்தும் இத்தனை நாள் வாயைத் திறந்து பழகவில்லையே என்று கோமதிநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது. பகவதியிடம் போய்ச் சொல்லவேண்டும். மாண்டலினை உறையில் போட்டுக்கொண்டு படியை நோக்கி நடந்தார்.

தாணுலிங்கம் பின்னாலேயே ஓடி வந்து, துரை கையெழுத்துப் போட்ட உத்தரவை அவர் கையில் கொடுத்தான்.

"சும்மா சொல்லப்பிடாது சாரே, பொன்முடி பங்களாவுக்குக் குடிபோற துரைசாணி கூட இருந்து வாசிக்கிறவரைத்தான் தோட்டத்து எழுத்தரா எடுக்காங்கன்னு தெரிஞ்சதும் மத்தவங்க எல்லாம் விரல்ல துணியைச் சுத்திக்கிட்டாங்க, பிள்ளை கிடக்கிற மலைக்கே திரும்பிப் போயிரணும்னு நீங்க ஒருத்தருதான் இப்படி விரல் தேயத் தேயப் படிச்சிருக்கீங்க."